வௌவாலுக்கு வைத்த விலை

1942-ம் வருடம், ஜனவரி மாதம். வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. எழுதியவர் ராணுவத் தளபதி இல்லை. விஞ்ஞானியும் இல்லை. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு பல் டாக்டர்! பெயர், லைட்டில் ஆடம்ஸ்.

பெர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எப்படிப் பழி தீர்ப்பது என்று மொத்த அமெரிக்காவும் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்த நேரம். பல் டாக்டருக்கு யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால், அவருக்கு வந்த யோசனை இருக்கிறதே... அதுதான் ஆச்சரியம்.

லட்சக்கணக்கில் வௌவால்களைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றின் உடம்பிலும் ஒரு குட்டித் தீக்குண்டைக் கட்ட வேண்டும். விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய், விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜப்பானிய நகரங்களின் மேல் அவிழ்த்துவிட வேண்டும். வெளிச்சம் வந்தால் வௌவால் என்ன செய்யும்? இருட்டான இடுக்கு தேடும். வீட்டுக் கூரை, பரண், தாழ்வாரம் என்று எங்காவது போய் ஒண்டிக்கொள்ளும். ஜப்பானில் வீடுகளெல்லாம் மரமும் காகிதமும்தானே? கொஞ்ச நேரத்தில் குண்டு வெடிக்கும். ஒரே சமயத்தில் ஆயிரம் இடங்களில் தீ. எந்தத் தீயணைப்பு வண்டி எங்கே ஓடும்?

கடிதத்தில் இன்னொரு விஷயமும் எழுதியிருந்தார் ஆடம்ஸ். ஜீவராசிகளிலேயே மட்டமானது வௌவால். இருட்டோடும் தீமையோடும் சேர்த்துப் பேசப்படுகிற பிறவி. அதை ஆண்டவன் எதற்காகப் படைத்தான் என்பது இதுநாள் வரை யாருக்கும் விளங்காமல் இருந்தது, இந்த யுத்தத்துக்காகத்தான் என்பது அவர் கணிப்பு!

ரூஸ்வெல்ட் அந்தக் கடிதத்தைக் குப்பைக் கூடையில் போடவில்லை. காரணம் இருந்தது. ஆடம்ஸ், ஜனாதிபதியின் மனைவி எலினாருக்குத் தெரிந்தவர். 'ஆள் ஒன்றும் கிறுக்கன் இல்லை, யோசனைதான் தலைகால் புரியாமல் இருக்கிறது, ஆனாலும் விசாரித்துப் பாருங்கள்' என்கிற ரீதியில் ஒரு குறிப்பு எழுதிக் கீழே தள்ளிவிட்டார். அப்புறம் என்ன... அமெரிக்க ராணுவம் வௌவால் பிடிக்கக் கிளம்பியது.

எங்கே? டெக்சாஸுக்கு.

ஏன் டெக்சாஸ் என்று கேட்பீர்கள். அங்கேதான் உலகத்திலேயே பெரிய வௌவால் கூட்டங்கள் இருக்கின்றன. மெக்ஸிகோ வால்நீட்டி வௌவால் என்று ஒரு வகை. கட்டை விரல் நீள உடம்பு. எடை சுமார் 12 கிராம்தான், ஒரு தபால் கவர் கனம். குளிர்காலத்தில் மெக்ஸிகோவில் இருக்கும். வசந்தம் வந்தால் வடக்கே பறந்து டெக்சாஸ் சுண்ணாம்புக் குகைகளுக்கு வரும், குட்டி போட. ஒரு தாய்க்கு வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி. சான் அன்டோனியோ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிராக்கன் குகையில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். சாயங்காலம் அது குகையைவிட்டுக் கிளம்பும் காட்சி, வானிலை ராடாரில் மழை மேகம் மாதிரி பதிவாகும்.

இந்த டெக்சாஸ்காரர்களுக்கும் வௌவாலுக்கும் இடையே நடந்ததுதான் நம்ம கதை. வௌவால் குண்டு அதில் நடுவில் வரும் ஓர் அத்தியாயம். ஆரம்பம் அதற்கும் நாற்பது வருஷத்துக்கு முன்னால்.

சான் அன்டோனியோவில் சார்லஸ் கேம்ப்பெல் என்று ஒரு டாக்டர் இருந்தார். இவர் நிஜமான டாக்டர், அதாவது வைத்தியர். அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்தில் மலேரியா படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பது 1897-ல் நம் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் செய்த ஆராய்ச்சிக்குப் பிறகு உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. கொசுவை எப்படி ஒழிப்பது என்பதில்தான் பிரச்னை.

கேம்ப்பெல் யோசித்தார். கொசு ராத்திரியில் பறக்கிறது. வௌவாலும் ராத்திரியில் பறக்கிறது. வௌவால் பூச்சி தின்கிறது. கொசுவும் பூச்சிதான். ஆக, வௌவாலுக்கு வீடு கட்டிக் கொடுத்தால் மலேரியா ஒழியும்!

கட்டினார். 1907-ல் கட்டிய முதல் கோபுரத்துக்கு ஒரு வௌவால்கூட குடிவரவில்லை. கைக்காசு போச்சு. ஊரே சிரித்தது. மனிதர் அசரவில்லை. குகை குகையாகப் போய் உட்கார்ந்து, வௌவாலுக்கு எந்தச் சூடு பிடிக்கும், எந்த இடுக்கு பிடிக்கும் என்று பார்த்துவிட்டுத் திரும்பினார். 1911-ல், ஊர்ச் சாக்கடையெல்லாம் போய்ச் சேரும் மிட்செல் ஏரிக்கரையில் இன்னொரு கோபுரம் எழுப்பினார். சுமார் 30 அடி உயரம், நாலு கால், மேலே குறுகும் மரக்கூண்டு. இந்தத் தடவை வௌவால் வந்தது. ஆயிரக்கணக்கில்.

ஏரியைச் சுற்றிக் குடியிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு முன்பு மலேரியா இருந்தது, சில வருஷத்தில் அது இல்லாமல் போனது என்று கேம்ப்பெல் கணக்குக் காட்டினார். அவ்வளவுதான், ஒரே நாளில் ஹீரோ! 1914-ல் சான் அன்டோனியோ நகரசபை, வௌவாலைக் கொல்வது குற்றம் என்று விதி போட்டது. 1917-ல் டெக்சாஸ் மாநிலமே சட்டம் போட்டது. கேம்ப்பெல் பெயரை நோபல் பரிசுக்குக்கூடச் சிபாரிசு செய்தார்கள். கோபுரத்தின் அடியில் விழும் எச்சத்தை உரமாக விற்றுக் காசும் பார்த்தார் டாக்டர். 1925-ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே வௌவால், கொசு, டாலர் என்று மூன்றும் இருந்தன!

எல்லாம் சரி. ஒரே ஒரு சிக்கல். அவர் கணக்குத் தப்பு.

பின்னால் வந்த உயிரியல் ஆராய்ச்சியாளர்கள் அந்த வௌவால் போடும் எச்சத்தை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து, என்னென்ன பூச்சியின் மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார்கள். கொசு ரொம்பக் கொஞ்சம். அந்துப்பூச்சியும் வண்டும்தான் ஏராளம். மலேரியா குறைந்ததற்கு வேறு காரணங்கள் இருந்திருக்க வேண்டும். ஃபுளோரிடாவில் ஒரு நிலத் தரகர் கேம்ப்பெல் திட்டப்படி 1929-ல் கட்டிய கோபுரத்தில் வௌவால் தங்கவே இல்லை. 2017-ல் அடித்த இர்மா புயலில் அது சாயும்வரை காலியாகவே நின்றது.

கொசுவுக்காகக் கொண்டாடினார்கள். கொசு விஷயம் அடிபட்டதும் கொண்டாட்டம் முடிந்தது. வௌவால் மறுபடியும் பழைய வௌவால்தான். அமங்கலம், அருவருப்பு, இருட்டு.

இப்போது பல் டாக்டரிடம் திரும்பலாம்.

ஆடம்ஸ் கோஷ்டி டெக்சாஸ் முழுக்கக் குகை தேடி அலைந்தது. பாண்டேரா என்ற ஊருக்குப் பக்கத்தில் நே குகையில் கோடிக்கணக்கில் வௌவால் கிடைத்தது. வலை போட்டு அள்ளினார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் லூயி ஃபீசர் (நேபாம் என்கிற எரிகுழம்பைக் கண்டுபிடித்த அதே ஆசாமி) வௌவாலுக்கென்றே குட்டிக் குண்டு தயாரித்துக் கொடுத்தார். சின்னது 17 கிராம், பெரியது 28 கிராம். தூக்க வேண்டிய வௌவாலின் எடையே 12 கிராம்தான்!

வௌவால் குளிரில் மயங்கித் தூங்கிவிடும். எனவே ஐஸ் பெட்டியில் வைத்துத் தூங்கவைத்தார்கள். தட்டுக்கு 40 வீதம் அடுக்கி, ஒரு குண்டு உறைக்குள் ஆயிரத்துக்கு மேல் நிரப்பினார்கள். விமானத்திலிருந்து போட்டால் பாராசூட் விரியும், தட்டுகள் பிரியும், வௌவால் விழித்துப் பறக்கும். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. நடைமுறையில்? பல வௌவால்கள் விழிக்கவே இல்லை. தூங்கியபடியே கல் மாதிரி தரையில் விழுந்து செத்தன. இன்னும் சில விழித்து, குண்டைத் தூக்க முடியாமல் விழுந்தன.

1943, மே 15. நியூ மெக்ஸிகோவில் கார்ல்ஸ்பாட் ராணுவ விமான தளம். குண்டு கட்டிய வௌவால்கள் சில, எதிர்பார்த்ததைவிட சீக்கிரமே விழித்துக்கொண்டு பறந்துவிட்டன. போய் ஒண்டிய இடம், ராணுவத்தின் புத்தம் புதிய கட்டடங்களின் இடுக்குகள். கொஞ்ச நேரத்தில் மொத்தமும் எரிந்து சாம்பல். திட்டம் வேலை செய்யும் என்று நிரூபித்தாகிவிட்டது... ஆனால், எரிந்தது ஜப்பான் இல்லை!

தரைப்படை கைகழுவியது. கப்பல்படை வாங்கிக்கொண்டது. அப்புறம் மரீன் படை. 1944-ல் இழுத்து மூடும்போது சுமார் இருபது லட்சம் டாலர் செலவாகியிருந்தது. சோதனைகளில் பயன்படுத்தப்பட்ட வௌவால்கள் ஏறக்குறைய 6,000. 1945 மார்ச்சில் டோக்கியோவை நேபாம் குண்டு போட்டு எரித்தபோது, அதற்கு வௌவால் தேவைப்படவில்லை. ஒரே ராத்திரியில் சுமார் ஒரு லட்சம் பேர் செத்தார்கள். மட்டமான ஜீவன் எது என்பதைப் பற்றி அப்போது யாரும் ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதவில்லை.

யுத்தம் முடிந்தது. டி.டி.டி. வந்தது. வயலெல்லாம் மருந்து. மருந்து தின்ற பூச்சியை வௌவால் தின்றது. தாயின் உடம்பில் சேர்ந்த விஷம், பால் வழியாகக் குட்டிக்கும் போனது. போதாததற்குத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் குகை வாசலில் நின்று பொழுதுபோக்காகச் சுட்டார்கள். கார்ல்ஸ்பாட் குகையில் 1936-ல் 87 லட்சம் என்று மதிப்பிட்டிருந்த கூட்டம், 1973-ல் வெறும் இரண்டு லட்சம். அரிசோனாவில் ஈகிள் க்ரீக் குகையில் கோடிக்கணக்கில் இருந்தது, 1969-ல் எண்ணினால் 30,000. யாரும் அழவில்லை. வௌவாலுக்காக யார் அழுவார்கள்?

காட்சி மாறுகிறது. 1980. டெக்சாஸின் தலைநகரம் ஆஸ்டின்.

ஊர் நடுவே ஆற்றின் மேல் 1910-ல் கட்டிய காங்கிரஸ் அவென்யூ பாலம். பழுது பார்த்தார்கள். பாலத்தின் அடியில் சிமென்ட் உத்தரங்களுக்கு நடுவே ஓரங்குல இடைவெளி விட்டிருந்தார் இன்ஜினீயர். ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவான ஆழம். அவருக்குத் தெரியாமலே உலகத்தின் மிகச் சிறந்த வௌவால் வீட்டைக் கட்டிவிட்டார்! கேம்ப்பெல் ஆயுசு முழுக்க எதைத் தேடினாரோ, அது தற்செயலாக அமைந்துவிட்டது. 'வௌவால் வீட்டுக்கு வௌவால் போனால், நீயும் தொங்கு நானும் தொங்கு' என்பார்களே... அப்படி ஒன்று வந்தது, பத்து வந்தது, கடைசியில் லட்சக்கணக்கில் வந்து தொங்கின.

ஊர் அலறியது. ரேபிஸ் வரும், கடிக்கும், ரத்தம் குடிக்கும் என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் பயமுறுத்தின. புகை போடு, மருந்தடி, ஒழி என்று மனு மேல் மனு.

அப்போது ஊருக்கு வந்தார் மெர்லின் டட்டில். மில்வாக்கி நகர மியூசியத்தில் வௌவால் ஆராய்ச்சியாளராக இருந்தவர். 1982-ல் வௌவால்களுக்காக ஒரு சர்வதேச அமைப்பே ஆரம்பித்திருந்தார். 1986-ல் அந்த அமைப்பை மூட்டை கட்டிக்கொண்டு ஆஸ்டினுக்கே குடிபெயர்ந்துவிட்டார். எதிர்ப்பவர்களோடு அவர் சண்டை போடவில்லை. பேசினார். படம் காட்டினார். பாலத்தடியில் இருப்பவை பெரும்பாலும் தாய்கள், ஜூன் மாதம் குட்டி போட வந்திருக்கின்றன என்றார். நீங்கள் கையால் தொடாதவரை உங்களை அவை கடிக்கப்போவதில்லை என்றார். ராத்திரிக்கு டன் கணக்கில் பூச்சி தின்கின்றன என்றார்.

மெள்ள மெள்ள ஊர் மாறியது. கோடைக்காலத்தில் அங்கே சுமார் 15 லட்சம் வௌவால். சாயங்காலமானால் பாலத்தின் கைப்பிடியில் கூட்டம் முண்டியடிக்கிறது. படகில் போய்ப் பார்க்க டிக்கெட். நகரத்தின் அடையாளமே வௌவால்தான். ஒழிக்கச் சொன்ன அதே ஊர், இப்போது அதைக் காட்டிச் சம்பாதிக்கிறது.

சரி, அவை என்ன பூச்சியைத்தான் தின்கின்றன?

இங்கேதான் விஷயம் வயலுக்கு வருகிறது. மெக்ஸிகோவிலிருந்து ராத்திரி நேரத்தில் அந்துப்பூச்சிகள் மேகம் மேகமாக வடக்கே கிளம்புகின்றன. பருத்திக் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சிகள். (நம் ஊர்ப் பருத்தி விவசாயியைக் கடனாளியாக்கிய பச்சைக் காய்ப்புழுவின் நெருங்கிய சொந்தம்.) அவை தரையிறங்கி முட்டையிட்டால் பருத்தியும் சோளமும் காலி. பறக்கும் உயரம் நூற்றுக்கணக்கான மீட்டர். அந்த உயரத்திலேயே போய் மறித்துப் பிடித்துத் தின்கிறது வௌவால். மூவாயிரம் மீட்டர் உயரம்வரைகூட அது போவதை ராடார் வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

2006-ல் சில பொருளாதார, உயிரியல் நிபுணர்கள் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். டெக்சாஸின் எட்டு கவுன்ட்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) பருத்தி விவசாயிகளுக்கு வௌவாலால் வருஷத்துக்கு மிச்சமாவது சுமார் 7,41,000 டாலர். அந்தப் பகுதியின் பருத்தி வருமானமே வருஷத்துக்கு அறுபது லட்சம் டாலர் சுமார்தான். எந்த பாங்கும் கொடுக்காத மானியம்! 2011-ல் இதே முறையில் அமெரிக்கா முழுவதற்கும் கணக்குப் போட்டபோது, குறைந்தபட்சமே வருஷத்துக்கு 370 கோடி டாலர் என்று வந்தது. தாய்லாந்தில் நெற்பயிரைத் தாக்கும் தத்துப்பூச்சியைத் தின்னும் ஒரு வௌவால் இனத்தை மட்டும் வைத்து 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. அந்த ஓர் இனம் காப்பாற்றும் அரிசி, வருஷத்துக்குச் சுமார் 2,900 டன். ஏறக்குறைய 26,000 பேருக்குச் சாப்பாடு.

கேம்ப்பெல் சொன்னது பாதி சரி. வௌவால் மனிதனைக் காப்பாற்றுகிறது. கொசுவிடமிருந்து இல்லை, பஞ்சத்திலிருந்து.

'கணக்கெல்லாம் காகிதத்தில் அழகாக இருக்கும், நிஜத்தில் வௌவால் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும்?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு நாட்டில் வௌவாலையெல்லாம் அழித்துவிட்டு என்ன ஆகிறது என்று சோதனை செய்து பார்க்க முடியாதே?

முடிந்தது. செய்தது மனிதன் இல்லை, ஒரு பூஞ்சைக்காளான்.

2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தில் ஹௌஸ் குகைக்குள் போன ஒருவர், தூங்கிக்கொண்டிருந்த வௌவால்களின் மூக்கில் வெள்ளையாக மாவு பூசியது போல் ஏதோ இருப்பதைப் படம் பிடித்தார். அடுத்த குளிர்காலத்தில் குகை குகையாகப் பிணம். ஐரோப்பாவிலிருந்து மனிதர்களின் காலணியிலோ சாமான்களிலோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று கருதப்படும் ஒரு பூஞ்சை. குளிர்காலம் முழுக்க, உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு தூங்க வேண்டிய பிராணியை இது அரித்து அரித்து எழுப்பிவிடுகிறது. எழுந்தால் கொழுப்பு எரியும். வெளியே பனி. தின்னப் பூச்சி கிடையாது. பட்டினியில் சாவு.

வெண்மூக்கு நோய் என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு கவுன்ட்டியாக, ஒவ்வொரு மாநிலமாக மேற்கே நகர்ந்தது. மூன்று வௌவால் இனங்களில் பத்து வருஷத்துக்குள் 90 சதவிகிதத்துக்கு மேல் போயே போச்சு.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈயல் ஃபிராங்க் என்று ஒரு பொருளாதார நிபுணர். இந்த நோய் எந்த கவுன்ட்டிக்கு எந்த வருஷம் வந்தது என்ற பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டார். பக்கத்திலேயே நோய் இன்னும் வராத கவுன்ட்டிகள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 2024 செப்டம்பரில் முடிவு வெளியானது.

வௌவால் செத்த கவுன்ட்டிகளில் விவசாயிகள் அடித்த பூச்சிமருந்து சராசரியாக 31 சதவிகிதம் கூடியிருந்தது. சரிதானே? இலவசமாகப் பூச்சி பிடித்தவன் போய்விட்டான், காசு கொடுத்து மருந்து வாங்க வேண்டியதுதான். அவ்வளவு மருந்தடித்தும் விளைச்சல் வருமானம் குறைந்திருந்தது.

அடுத்த கணக்குதான் தூக்கிவாரிப் போட வைத்தது. அதே கவுன்ட்டிகளில் ஒரு வயது நிரம்பாத குழந்தைகளின் மரணம் சுமார் 8 சதவிகிதம் கூடியிருந்தது. நிலத்தில் அடித்த விஷம் காற்றிலும் தண்ணீரிலும் கலந்து தாய் வயிற்றுக்கும் தொட்டிலுக்கும் போகிறது. விபத்து, கொலை இவற்றால் செத்த குழந்தைகளின் எண்ணிக்கையைத் தனியே பிரித்துப் பார்த்தார் ஃபிராங்க். அதில் மாற்றமே இல்லை. நோய்வாய்ப்பட்டுச் செத்த குழந்தைகளின் எண்ணிக்கையில் மட்டும்தான் ஏற்றம்.

2006-லிருந்து 2017 வரை இப்படிக் கூடுதலாகச் செத்த குழந்தைகள், அவர் கணக்குப்படி 1,334.

அந்தத் தாய்களில் எத்தனை பேருக்கு, தன் குழந்தைக்கும் எங்கோ ஒரு குகையில் செத்த வௌவாலுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று தோன்றியிருக்கும்?

இந்த இடத்தில் இன்னொரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. கொரோனா, நிபா எல்லாம் வௌவால் சமாசாரம்தானே? 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்து 17 பேர் செத்ததை மறந்துவிட முடியுமா?

மறக்கக் கூடாது. பழந்தின்னி வௌவால் உடம்பில் நிபா கிருமி இருக்கிறது என்பது உண்மை. வௌவால் கடித்த பழத்தைத் தின்னக் கூடாது. செத்துக் கிடப்பதைக் கையால் தொடக் கூடாது. ஆனால், கொல்வது மருந்தா என்றால், இல்லை. பெரு நாட்டில் மாடுகளின் ரத்தம் குடிக்கும் வௌவால்களால் ரேபிஸ் பரவுகிறது என்று கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். நோய் பரவிய பிறகு கொன்றபோது, மிச்சமிருந்த வௌவால்கள் கலைந்து புது இடங்களுக்குப் போய், ரேபிஸும் கூடவே போனது. ஆஸ்திரேலியாவில் வேறு மாதிரி அனுபவம். காட்டை வெட்டியதால் சாப்பாடில்லாத பழந்தின்னிகள் குதிரைப் பண்ணைகளுக்கு வந்தன, ஹெண்ட்ரா என்ற கிருமி குதிரைக்குத் தொற்றியது. காட்டில் மரங்கள் நன்றாகப் பூத்த குளிர்காலங்களில் வௌவால்களும் பண்ணைப் பக்கம் வரவில்லை, நோயும் வரவில்லை. வௌவாலை அதன் வீட்டில் இருக்கவிட்டால் கிருமியும் அதன் வீட்டிலேயே இருக்கும்!

நம் நாட்டு நிலவரம் என்ன?

1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருந்தது. தொல்லை தரும் பிராணிகளின் பட்டியல். யார் வேண்டுமானாலும் கொல்லலாம், கேஸ் கிடையாது. எலி, காக்கை இவற்றோடு பழந்தின்னி வௌவாலும் அதில் இருந்தது. இலவ மரம் ராத்திரியில் பூக்கிறது, அதற்கு மகரந்தம் கொண்டுபோகிறது பழந்தின்னி. இலுப்பைப் பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடுகிறது பழந்தின்னி. தலையணைப் பஞ்சுக்கும் கோயில் விளக்கு எண்ணெய்க்கும் ஏற்பாடு செய்தவனைச் சட்டம் கொள்ளைக்காரன் பட்டியலில் வைத்திருந்தது. ஐம்பது வருஷம்! 2022-ல் சட்டத்தைத் திருத்தி, அந்த அட்டவணையையே எடுத்தார்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறை.

விதிவிலக்காக ஒரே ஒரு பழந்தின்னிக்கு மட்டும் முன்பே பாதுகாப்புக் கிடைத்தது. அதன் கதை தேனி மாவட்டத்து மேகமலையில் ஆரம்பிக்கிறது. 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் அங்கே ஒரு வௌவாலைப் பிடித்து பம்பாய்க்கு அனுப்பினார். சாதாரண வகைதான் என்று சீட்டு எழுதி அலமாரியில் வைத்துவிட்டார்கள். 1972-ல் தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்துத் திகைத்தார். உலகத்தில் வேறெங்கும் பதிவாகாத தனிப் பேரினம்! பறவை அறிஞர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். 24 வருஷம் டப்பாவுக்குள் தவறான பெயரோடு கிடந்தது, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய ஒரு சொத்து.

சட்டம் இல்லாத காலத்திலும் சில இடங்களில் மனசு இருந்தது. தமிழ்நாட்டில் சில கிராமங்களில் ஊர்ப் பெரிய மரத்தில் வௌவால் தொங்குகிறது என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சாமி மரம், சாமி வௌவால் என்று அவர்கள் ஒரு காரணம் சொல்வார்கள். காரணம் எதுவாயிருந்தால் என்ன? குழந்தைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள், தோப்பு பிழைக்கிறது.

டெக்சாஸில் முடித்துவிடுவோம். பிராக்கன் குகையைப் பற்றிச் சொன்னேனே... அதன் வாசலை ஒட்டிய நிலத்தில் சுமார் 3,500 வீடுகள் கட்டும் திட்டம் ஒன்று வந்தது. வீடு வந்தால் விளக்கு வரும், வௌவால் பறக்கும் பாதையில் ஆள் நடமாட்டம் வரும், பிறகு ஒருநாள் 'வௌவால் தொல்லை' என்று மனுவும் வரும். 2014-ல் சான் அன்டோனியோ நகர நிர்வாகமும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து அந்த 1,521 ஏக்கரை விலைக்கே வாங்கிவிட்டன. சும்மா கிடக்க வைப்பதற்காக! கொடுத்த விலை, 2 கோடியே 5 லட்சம் டாலர்.

பல் டாக்டரின் குண்டுக்கு ஆன செலவைவிட இது பத்து மடங்கு. ஒரு வித்தியாசம், இந்தப் பணத்தில் யார் வீடும் எரியவில்லை.